ஓசிஐ அட்டையா, ஐந்தாண்டு இ-விசாவா, எக்ஸ் விசாவா?

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் இந்திய வம்சாவளித் தமிழர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "ஐந்து வருட இ-விசா 80 டாலருக்குக் கிடைக்கிறதே, 275 டாலர் கட்டி ஓசிஐ எதற்கு?" நியாயமான கேள்விதான். ஆனால் கட்டணத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தவர்கள் பின்னால் சிரமப்படுகிறார்கள். ஊரில் வீடு வாங்கப் போகும்போது சிலருக்குப் புரிகிறது. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று நடுராத்திரியில் போன் வரும்போது சிலருக்குப் புரிகிறது.

மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும், ஆயுள் முழுக்கச் செல்லும் ஓசிஐ அட்டை. இரண்டு, இணையத்திலேயே வாங்கும் இ-சுற்றுலா விசா. மூன்று, தூதரகம் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் ஸ்டிக்கர் விசா. அதில் வம்சாவளியினருக்குப் பயன்படுவது எக்ஸ் விசா எனப்படும் நுழைவு விசா.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் தகுதி. தகுதி இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண் பேச்சு. அடுத்து, ஒரு வருடத்தில் எத்தனை நாள் இந்தியாவில் இருப்பீர்கள் என்பது. 180 நாள் என்ற கோடு இங்கே மிக முக்கியம். மூன்றாவது, வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று ஊரோடு என்ன தொடர்பு வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பது. நான்காவது, கையில் இருக்கும் பழைய காகிதங்கள். ஐந்தாவதை யாரும் யோசிப்பதில்லை. திட்டமிடாத பயணம் ஒன்று வந்தால் எவ்வளவு சீக்கிரம் விமானம் ஏற முடியும்? வயதான பெற்றோர் ஊரில் இருப்பவர்களுக்கு இதுதான் முதல் அளவுகோல் என்பது எங்கள் கருத்து.

கட்டணத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஓசிஐக்கு வெளிநாட்டில் விண்ணப்பித்தால் 275 அமெரிக்க டாலர், இந்தியாவுக்குள் என்றால் 15,000 ரூபாய். ஐந்தாண்டு இ-விசா பல நாட்டினருக்கு 80 டாலர். மூன்று முறை எடுத்தாலும் 240 தான். நான்காவது எடுக்கும்போது, அதாவது பதினைந்து வருடம் கழித்து, ஓசிஐ கட்டணத்தைத் தாண்டும். நான்கு பேர் குடும்பத்துக்கு இன்று கட்ட வேண்டியது ஒருபுறம் 1,100 டாலர், மறுபுறம் 320. வெறும் காசுக் கணக்கில் இ-விசாதான் ஜெயிக்கும். ஓசிஐயின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

## ஓசிஐ அட்டை

யாருக்குக் கிடைக்கும். 26 ஜனவரி 1950 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அந்த நாளில் இந்தியக் குடிமகனாகும் தகுதி பெற்றிருந்தவர், 15 ஆகஸ்ட் 1947க்குப் பின் இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர் ஆகியோருக்குக் கிடைக்கும். அவர்களுடைய பிள்ளை, பேரன், பேத்தி, கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி வரை போகும். ஓசிஐ வைத்திருப்பவரையோ இந்தியக் குடிமகனையோ மணந்த வெளிநாட்டவரும் கேட்கலாம். ஆனால் திருமணம் பதிவாகி, விண்ணப்பத்துக்கு முன் இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். விவாகரத்து ஆனால் அந்த அட்டையும் போய்விடும். தாமோ பெற்றோர், பாட்டன் பாட்டி, பூட்டன் பூட்டியில் ஒருவரோ எப்போதாவது பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமகனாக இருந்திருந்தால் கிடையாது.

இந்த விதி தமிழர்களை ஒரே மாதிரி நடத்துவதில்லை. புதுச்சேரி, காரைக்கால் வழிவந்த பிரெஞ்சுக் குடிமக்கள் "1947க்குப் பின் சேர்ந்த பகுதி" என்ற பிரிவில் உள்ளே வருகிறார்கள். ஆனால் வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஓசிஐ இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் புதுச்சேரி சொல்தாக்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கான வழி எக்ஸ் விசா.

இலங்கைத் தமிழர்களில் மலையகத்தார், கொள்ளுத்தாத்தா வரையில் ஒருவர் இந்தியாவில் பிறந்தவர் என்று காட்ட முடிந்தால் தகுதி பெறலாம். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்புக் குடும்பங்களில் அப்படி முன்னோர் இல்லையென்றால், இன்று கனடா, பிரிட்டன், சுவிட்சர்லாந்து என்று எந்த நாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் வம்சாவளி வழியில் ஓசிஐ கிடைக்காது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் ஏஜெண்டுக்குக் கட்டும் பணம் மிச்சம்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1860 முதல் போனவர்களின் வாரிசுகளுக்குச் சிக்கல் தலைமுறைக் கணக்கில் வருகிறது. பொது விதிப்படி நான்காம் தலைமுறையோடு கோடு முடிகிறது. மொரிஷியஸ் நாட்டவருக்கு ஏழாம் தலைமுறை வரை தளர்வு தருவதாக 2024இல் இந்தியா அறிவித்தது. மலேசியா, இலங்கை, ஃபிஜி போன்ற இடங்களில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் இன்றைய வரம்பைக் கேட்டுவிடுவது நல்லது.

என்ன கிடைக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு காலமும் தங்கலாம், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டாம். தனியார் துறையில் தனி அனுமதியின்றி வேலை பார்க்கலாம். வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். "ஊரில் ஒரு ஏக்கர் வாங்கித் தென்னை வைக்கலாம்" என்ற கனவோடு ஓசிஐ எடுப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். பத்திரப் பதிவுக்கு முன்பணம் கொடுத்தபின் தெரிந்துகொண்டு தவிப்பவர்கள் உண்டு. பட்டாவில் நிலத்தின் வகைப்பாடு என்ன என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கைமாறக் கூடாது.

இலங்கைக் குடிமக்களுக்கு இதில் கூடுதல் பயன் உண்டு. அந்நியச் செலாவணி விதிகளின்படி, இலங்கை உட்படச் சில நாட்டுக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க முடியாது. ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டுமே எடுக்கலாம். ஓசிஐ வைத்திருப்பவருக்கு இந்தத் தடை பொருந்தாது.

சின்னச் சின்னப் பயன்களும் இருக்கின்றன. மாமல்லபுரத்தில் வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் நுழைவுச் சீட்டு, ஓசிஐ அட்டையைக் காட்டினால் இந்தியருக்குரிய 40 ரூபாய்தான். ஓசிஐ வைத்திருப்பவர்கள் விரைவு குடியேற்றத் திட்டத்தில் பதிந்துகொண்டால் சென்னை விமான நிலையத்தில் தானியங்கிக் கதவு வழியாக வெளியே வந்துவிடலாம், நீண்ட வரிசையில் நிற்க வேண்டாம்.

என்ன கிடைக்காது. ஓட்டுரிமை இல்லை, அரசு வேலை இல்லை. சபைகளில் பிரசங்கம் செய்ய வரும் போதகர்கள், பத்திரிகைப் பணிக்கு வருபவர்கள், ஆராய்ச்சிக்கு வருபவர்கள் எல்லோரும் அட்டை இருந்தாலும் சிறப்பு அனுமதி பெற வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பு விஷயத்தில் பலர் பழைய விதியை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 4 மார்ச் 2021 அறிவிக்கைப்படி நீட், ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வுகளில் ஓசிஐ மாணவர்கள் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஐ இடங்களுக்கு மட்டுமே போட்டியிடலாம். அந்தத் தேதிக்கு முன் ஓசிஐ பெற்றவர்களுக்கு இது பொருந்தாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளையைத் தமிழ்நாட்டுக்குக் கூட்டி வந்து மருத்துவம் படிக்க வைக்கலாம் என்று நினைக்கும் பெற்றோர், என்ஆர்ஐ இடத்துக்கான கட்டணத்தைக் கணக்கில் வைத்துத் திட்டமிட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு. பணத்தைவிட நேரம்தான் அதிகம் போகும். முன்பு இந்தியக் குடிமகனாக இருந்தவர், இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்றிதழ் வாங்கிய பிறகே ஓசிஐ பக்கம் போக முடியும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியபின் பழைய பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்திருந்தால் தாமத அபராதமும் சேரும். அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், நோட்டரி, வெளிநாட்டில் பெற்ற பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (பிற நாடுகளில் செல்லுபடியாக்கும்) முத்திரை, கூரியர் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைக்கு வர வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்குத் தமிழர்களிடையே முதல் காரணம் பெயர். அப்பாவின் பழைய இந்திய பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தோடு "சு. முருகன்", மகளின் வெளிநாட்டுப் பிறப்புச் சான்றிதழில் "முருகன் சுப்பிரமணியம்". மூன்றும் ஒரே ஆள் என்று அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. மலேசிய ஆவணத்தில் "ஏ/எல்", சிங்கப்பூர் ஆவணத்தில் "எஸ்/ஓ" என்று, இன்னாரின் மகன் என்பதைக் குறிக்கும் எழுத்துகள் நடுவில் நிற்கும், இந்திய ஆவணத்தில் அது இருக்காது. ஆங்கிலத்தில் ஒரே பெயரை ஒருவர் ஒரு எழுத்தோடும் இன்னொருவர் இரண்டு எழுத்தோடும் எழுதியிருப்பார். இதற்கெல்லாம் "இந்த இரு பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி கையெழுத்தோடு முதல் தடவையே இணைத்துவிடுங்கள். அவர்கள் கேட்டபின் அனுப்பினால் கோப்பு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகும்.

தாத்தாவை வைத்துத் தகுதி கேட்பவர்கள் சங்கிலியில் ஒரு கண்ணியும் விடக்கூடாது. தாத்தா இந்தியர் என்பதற்கு ஓர் ஆவணம், அப்பா அவருடைய மகன் என்பதற்கு ஒன்று, நீங்கள் அப்பாவின் பிள்ளை என்பதற்கு ஒன்று. நடுவில் இருப்பதுதான் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். தாத்தாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், பிறந்த ஊர் எழுதிய அரசு ஆவணம் எதுவானாலும் தேடி எடுங்கள்.

படத்தையும் கையெழுத்தையும் பதிவேற்றும்போது படம் சதுரமாகவும், கையெழுத்து அகலம் மூன்று பங்கு, உயரம் ஒரு பங்கு என்ற அளவிலும் இருக்க வேண்டும். படத்தின் பின்னணி வெளிர் நிறமாக, ஆனால் தூய வெள்ளையாக இல்லாமல் இருக்கட்டும். சின்ன விஷயம்தான், இதிலேயே பலருக்கு ஒரு வாரம் போகிறது.

அட்டை வந்தபின் வேலை முடிந்துவிடவில்லை. 20 வயதுக்கு முன் அட்டை வாங்கிய பிள்ளைகள், 20 நிறைந்தபின் புது பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒரு முறை அட்டையை மாற்ற வேண்டும். 20 வயது வரை ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும், 50 வயது நிறைந்தபின் ஒரு முறையும், பாஸ்போர்ட் நகலையும் புதுப் படத்தையும் தளத்தில் ஏற்ற வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் செய்துவிடுங்கள்.

## இ-சுற்றுலா விசா

30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என்று மூன்று அளவில் வருகிறது. பல நாட்டினருக்கு 30 நாள் விசா ஏப்ரல் முதல் ஜூன் வரை 10 டாலர், மற்ற மாதங்களில் 25 டாலர். ஓராண்டு 40, ஐந்தாண்டு 80. இதோடு வங்கிக் கட்டணம் சேரும். கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும், சில நாட்டினருக்கு இலவசமும் உண்டு. கேட்கும் காகிதம் மிகக் குறைவு. ஆறு மாதம் செல்லுபடியும் இரண்டு வெற்றுப் பக்கமும் உள்ள பாஸ்போர்ட், அதன் படப்பக்கம், ஒரு சதுரப் படம், அவ்வளவுதான். முன்னோரைப் பற்றிய சான்று எதுவும் வேண்டாம். ஈழத்தமிழர்கள் உட்பட, வம்சாவளி வழியில் ஓசிஐ கிடைக்காதவர்களுக்கு இதுதான் நடைமுறை வழி.

எங்கே சறுக்குகிறார்கள். முதல் இடம் இணையதளமே. அரசுத் தளத்தின் முகவரி "ஜிஓவி டாட் இன்" என்று முடியும். தேடினால் அதற்கு மேலே விளம்பரமாகப் பல தனியார் தளங்கள் வந்து நிற்கும். அசோகச் சின்னம்போல ஏதோ ஒன்றைப் போட்டு மூன்று மடங்கு பணம் வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டாவது, பெயர்க் கட்டங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் உள்ளபடி குடும்பப் பெயர், சொந்தப் பெயர் இரண்டையும் நிரப்புங்கள். பணம் கட்டியபின் திருத்த முடியாது, புதிதாக விண்ணப்பித்து மறுபடி கட்ட வேண்டும். கட்டிய பணம் திரும்ப வராது.

மூன்றாவது, தேதிக் கணக்கு. 30 நாள் விசாவில் அச்சாகியிருக்கும் கடைசித் தேதி, அதற்குள் வந்து இறங்க வேண்டும் என்பதற்கானது. இறங்கிய நாளிலிருந்துதான் 30 நாள் ஓடும். ஓராண்டும் ஐந்தாண்டும் அப்படியல்ல, விசா வழங்கிய நாளிலிருந்தே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் அவற்றைப் பல மாதம் முன்னதாக எடுத்து வைப்பதில் அத்தனை நாள் வீணாகிறது.

நான்காவது, தங்கும் நாள். ஐந்தாண்டு விசா என்றால் ஐந்து வருடம் தங்கலாம் என்று அர்த்தமில்லை. ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 180 நாள் என்பது உச்சவரம்பு. ஒவ்வொரு வருகைக்கும் 90 நாள் என்ற வரம்பு பல நாட்டினருக்கு உண்டு. உங்கள் அனுமதித் தாளிலும், இறங்கும்போது வைக்கும் முத்திரையிலும் இருப்பதுதான் கடைசி வார்த்தை. நீட்டிக்கவோ வேறு விசாவாக மாற்றவோ முடியாது. பேரக்குழந்தை பிறந்திருக்கிறது, இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்பதெல்லாம் செல்லாது.

ஐந்தாவது, வந்து இறங்கும் இடம். குறிப்பிட்ட விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாக மட்டுமே இ-விசாவில் நுழையலாம். சென்னை, திருச்சி, கோவை விமான நிலையங்களில் சிக்கல் இல்லை. இலங்கையின் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் வர நினைப்பவர்கள், அந்தத் துறைமுகம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.

திடீர்ப் பயணத்துக்கு இ-விசா எப்படி? விண்ணப்பத்தை வந்து இறங்கும் நாளுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாகப் போட வேண்டும் என்பது விதி. துக்க வீட்டுக்கு நான்கு நாள் என்பது காலம் கடந்த கணக்கு. தூதரகங்கள் அவசர விசா கொடுப்பதுண்டு. ஆனால் அந்த நேரத்தில் மரணச் சான்றோ மருத்துவமனைக் கடிதமோ தேடிக்கொண்டு வேறு ஊரில் இருக்கும் அலுவலகத்துக்கு ஓட வேண்டும். ஆகவே, ஊரில் வயதான உறவு இருக்கிறவர்கள் பயணம் திட்டத்தில் இல்லாவிட்டாலும் ஐந்தாண்டு இ-விசா ஒன்றை எப்போதும் உயிரோடு வைத்திருங்கள். 80 டாலருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

## எக்ஸ் விசா

ஓசிஐ கிடைக்காது, ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது. ஓய்வு பெற்ற ராணுவத்தினர், ஓசிஐக்கான இரண்டு ஆண்டு இன்னும் நிறையாத புதுமணத் தம்பதியர், தலைமுறை ஆவணம் முழுமையாகக் கிடைக்காதவர்கள் கேட்டுப் பார்க்கலாம். இந்தியாவிலேயே நீட்டிக்கக் கேட்கலாம் என்பது இ-விசாவில் இல்லாத வசதி.

விலை வேறு வடிவில் வருகிறது. தூதரகம் அல்லது விண்ணப்ப மையத்தில் பாஸ்போர்ட்டை விட்டுவைக்க வேண்டும். 180 நாளுக்கு மேல் செல்லும் விசா என்றால், விசாவில் வேறு குறிப்பு இல்லாதவரை, வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இ-எஃப்ஆர்ஆர்ஓ என்ற தளத்திலேயே செய்யலாம். அதற்கு வீட்டு முகவரிச் சான்று வேண்டும். உறவினர் வீட்டில் தங்கினால் அவர் பெயரில் உள்ள மின்கட்டண ரசீதும் அவரது கடிதமும் கேட்பார்கள். வேலை பார்க்க முடியாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஓசிஐ | ஐந்தாண்டு இ-விசா | எக்ஸ் விசா |
|---|---|---|---|
| கட்டணம் | 275 டாலர் + சேவைச் செலவு | பலருக்கு 80 டாலர் | நாட்டுக்கு நாடு மாறும் |
| கிடைக்கும் காலம் | வாரங்கள், மாதங்கள் | சில நாட்கள் | நாட்கள், வாரங்கள் |
| தங்கும் காலம் | வரம்பில்லை | ஆண்டுக்கு 180 நாள் | விசாவில் உள்ளபடி, நீட்டிக்கலாம் |
| வெளிநாட்டவர் பதிவு | வேண்டாம் | வேண்டாம் | 180 நாளைத் தாண்டினால் வேண்டும் |
| வேலை | தனியார் துறையில் முடியும் | முடியாது | முடியாது |
| வீடு, மனை வாங்க | முடியும் | உரிமை வராது | உரிமை வராது |
| முன்னோர் சான்று (வம்சாவளி வழியில் கேட்டால்) | வேண்டும் | வேண்டாம் | வேண்டும் |

## யாருக்கு எது

ஊருக்குத் திரும்பும் எண்ணம், சொத்து, வேலை, ஆண்டில் பாதிக்கு மேல் தங்குதல், இவற்றில் ஒன்று இருந்தாலும், தகுதி உள்ளவர் ஓசிஐ எடுப்பதுதான் சரி. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே எடுங்கள். அவர்களுடைய காகிதங்களைத் தேடித் தரவும், உறுதிமொழியில் கையெழுத்துப் போடவும் அவர்களைவிடப் பொருத்தமானவர் யாருமில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மூன்று வாரம் கோவில் குளம் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு ஐந்தாண்டு இ-விசா தாராளமாகப் போதும். ஒரே ஒரு கல்யாணத்துக்கு வருபவர் 30 நாள் விசாவோடு நிறுத்திக்கொள்ளலாம். சென்னையில் சிகிச்சைக்கு வருபவர் இவை எதையும் எடுக்காமல் இ-மருத்துவ விசாவே எடுக்க வேண்டும். அது நீட்டிக்கக் கூடியது, உடன் வருபவர் இருவருக்கும் தனி விசா உண்டு.

ஓசிஐ விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அவசரம் வந்தால் இ-விசாவில் போய் வாருங்கள். ஆனால் சுற்றுலா விசாவில் சென்னைக்கு வந்து இங்கேயே ஓசிஐ போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுற்றுலா விசாவில் இருப்பவர் இந்தியாவுக்குள் ஓசிஐக்கு விண்ணப்பிக்க முடியாது.

## விமானம் ஏறும் நாளில்

ஓசிஐ அட்டை மட்டும் பயண ஆவணம் ஆகாது, செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டோடுதான் செல்லும். அட்டையை வீட்டில் மறந்துவிட்டு விமான நிலையம் போனால் விமான நிறுவனமே ஏற்றாது. இ-விசா எடுத்தபின் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால், விசா பதிந்த பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள், இரண்டையும் காட்டி நுழையலாம். அனுமதித் தாளை அச்சிட்டுக் கையில் வையுங்கள். விசாவில் வருபவர்கள் 1 அக்டோபர் 2025 முதல் நடைமுறையில் உள்ள மின்-வருகை அட்டையை, வந்து இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, கட்டணம் கேட்கும் தளம் போலி. தங்கும் நாள் ஏதோ காரணத்தால் கடந்துபோனால் விமான நிலையத்தில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் அபராதம் கட்டி வெளியேறும் அனுமதி வாங்கிய பிறகே டிக்கெட் தேதியை உறுதி செய்யுங்கள்.